நீர் மாத்திரை

எழுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் மாத்திரையில்தான் வந்து நிற்கும். எங்கள் நாவலூர் நடைக் கூட்டமும் அப்படித்தான். காலையில் ஒரு சுற்று, பிறகு டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம். போன வாரம் ஒருவர், "எனக்கும் நீர் மாத்திரை எழுதிக் குடுத்துட்டார் சார். வெளியூர் போற அன்னிக்கு மட்டும் விட்டுடறேன், இல்லேன்னா பஸ்ல அவஸ்தை" என்றார். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் டீ தொண்டையில் இறங்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு 2017-ல் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தாள். ஆனால் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் என்று எக்கோ எடுத்த டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல இதயத்துக்கு அது 55, 60 இருக்குமாம். அன்று முதல் காலை, மதியம், இரவு என்று அறை அறையாகப் பிரித்த மாத்திரை டப்பா எங்கள் சாப்பாட்டு மேஜையில் நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டது. காலை அறையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. லாசிக்ஸ், 40 மி.கி. எல்லா மாத்திரையிலும் மலிவானது அதுதான். எரிச்சலூட்டுவதும் அதுதான். எட்டு மணிக்குப் போட்டால் பதினொன்றுக்குள் நாலைந்து தடவை பாத்ரூம் போக வேண்டும்.

2023 தை மாதம் மதுராந்தகத்தில் என் தங்கை பேத்தி கல்யாணம். பெண் அழைப்பு, முகூர்த்தம், மறுவீடு என்று மூன்று நாள். நாவலூரிலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர், செங்கல்பட்டு வழியாக வேனில் போவதாக ஏற்பாடு. முகூர்த்த நாளில் ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழியில் ஒரு பெண்பிள்ளை இறங்கிப் போக ஒழுங்கான இடம் கிடையாது. ஆண்கள் எங்கள் பாட்டைப் பார்த்துக்கொள்வோம். அறுபத்தாறு வயதுப் பெண் என்ன செய்வாள்?

புறப்படும் காலையில் அவள் டப்பாவைத் திறந்து, "ஏங்க, இதைப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"மூணு நாள்தானே, விட்டுடு. வந்து போட்டுக்கலாம்" என்றேன்.

சொன்னது நான்தான். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எனக்கு மதுராந்தகம் ஏரிக்கரையில் நிற்கக் கிடைத்ததே சந்தோஷம். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த காலத்தில் மதகும் கலங்கலும் பார்த்தே பாதி வாழ்க்கை போனது. அவளும் சந்தோஷமாக இருந்தாள். பந்தியில் அப்பளம், ஊறுகாய், வறுவல், மோர் மிளகாய். வீட்டில் கண்ணில் காட்டாததெல்லாம் இலையில் இருந்தது. மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றியபோது அவள் பாதத்தில் வார் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. "நின்னுகிட்டே இருந்தல்ல, அதான்" என்றேன். வீடு திரும்பிய இரவு வறட்டு இருமல். தலையணை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொண்டாள். "கல்யாண வீட்டு ஐஸ்கிரீம்" என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது.

அன்று இரவு இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு, இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். "ஜன்னலத் தொறங்க" என்றாள். தொடர்ந்து இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை, கை ஐஸ் மாதிரி. நெஞ்சுக்குள்ளே ஹூக்கா இழுப்பது போலக் கொரகொரவென்று சத்தம். கர்சீப்பில் துப்பியதில் நுரை, லேசான ரோஸ் நிறம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "படும்மா, கொஞ்சம் படு" என்று சாய்க்கப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு தண்ணீர் கொடுத்தேன். இரண்டுமே செய்யக்கூடாதவை. வாட்ச்மேன் தம்பிதான் 108-க்கு போன் போட்டான். வண்டியில் வந்த பையன் உள்ளே நுழைந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "படுக்க வைக்காதீங்க ஐயா, உட்கார்ந்தபடியே தூக்கிக்கலாம்." ஆக்சிஜன் மாஸ்க் போட்டு, உட்கார்ந்தபடியே கொண்டுபோனார்கள்.

படுத்தால் ஏன் மோசமாகிறது என்பதை எனக்குப் பிறகு விளக்கினார்கள். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. ஏற்கெனவே இறைக்க முடியாமல் திணறும் இதயத்துக்கு இன்னும் கொஞ்சம் சுமை. அதனால்தான் படுத்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, நடுநிசியில், மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறார்கள். உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டால் சற்று ஆறுதல். அவள் உடம்புக்கு அது தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவில் இருந்தவர் என் பேத்தி வயதை விடக் கொஞ்சம் கூடின ஒரு பெண் டாக்டர். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே கேட்டார்: "மாத்திரை எல்லாம் ஒழுங்கா சாப்பிட்டாங்களா அங்கிள்? லாசிக்ஸ் விடலையே?"

"இல்ல டாக்டர். ஒழுங்கா போடறா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? முப்பத்தைந்து வருஷம் அரசாங்க வேலை. யார் தவறு என்று கேள்வி வந்தவுடன் வாய் தானாக ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது. அவள் மாஸ்க்குக்கு மேலே என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு ஐம்பத்தெட்டுக்குக் கையில் ஊசி போட்டார்கள். அதே மருந்துதான், மாத்திரைக்குப் பதில் நரம்பில். முகத்தை இறுக்கிக் காற்றை உள்ளே தள்ளும் வேறொரு மாஸ்க் மாட்டினார்கள். நைட்ரோகிளிசரின் சொட்டு சொட்டாக இன்னொரு கையில். சிறுநீருக்கு ட்யூப் போட்டு, அளவுக் கோடு அச்சடித்த பையைக் கட்டில் கம்பியில் தொங்கவிட்டார்கள். எனக்கு நிற்க ஒரு மூலை கிடைத்தது. அங்கிருந்து அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏரியில் மட்டம் பார்த்த கண்ணுக்கு அதுதான் பிடிபட்டது.

மூன்று பத்து இருக்கும். பையில் அடியில் கொஞ்சம்தான், அறுபது மில்லி கூட இருக்காது. ஆனால் அவள் தோள் ஏறி இறங்குவது குறைந்திருந்தது. கொரகொரப்பு தணிந்திருந்தது. நர்ஸ் ஏதோ கேட்க, மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு முழு வாக்கியம் பேசினாள். எனக்குக் கணக்கு உதைத்தது. நீர் வெளியே போனால்தானே மூச்சு வரும்? நீர் இன்னும் போகவே இல்லையே?

இதை அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டேன். வேறு எதையாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் போலவும் இருந்தது. அந்த நேரத்தில் கூட்டமில்லை. அவர் ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டுச் சொன்னார். எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

நம் பக்கத்து வெள்ளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும் தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கு வந்து, தெற்கே இறங்கி, முட்டுக்காடு பக்கம் முகத்துவாரத்தில் கடலுக்குப் போக வேண்டும். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டால் முட்டுக்காட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. தண்ணீர் பின்னுக்கு ஏறி, பல மைல் தள்ளி யார் வீட்டுக்குள்ளோ புகும். 2015 டிசம்பரில் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் பார்த்தோமே.

இதயத்தின் இடது பக்கம்தான் முகத்துவாரம். நுரையீரலில் காற்றை வாங்கிய ரத்தம் அங்கே வந்து, அங்கிருந்து உடம்புக்குப் போகிறது. அது இறைக்காவிட்டால் ரத்தம் பின்னுக்குத் தேங்கி நுரையீரலின் மெல்லிய குழாய்களில் அழுத்தம் ஏறும். சாதாரணமாக அங்கே அழுத்தம் பத்து மில்லி மீட்டர் பாதரசத்தை ஒட்டித்தான் இருக்கும். அது 20-ஐத் தாண்டி 25 பக்கம் போனால் குழாய்ச் சுவர் கசிய ஆரம்பிக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி காற்றுப் பைகளுக்குள் இறங்குகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர். அந்தத் தண்ணீரில் காற்று புரளும்போது எழும் நுரைதான் கர்சீப்பில் நான் பார்த்தது. கரையில் உட்கார்ந்தபடியே ஒருத்தி மூழ்கிக்கொண்டிருந்தாள்.

வெள்ளத்தை வடிக்க எங்கள் துறையில் இரண்டு வழி. ஒன்று, உபரி நீரைக் காலியாகக் கிடக்கும் வேறொரு ஏரிக்குத் திருப்புவது. மொத்தத் தண்ணீர் குறையாது, ஆனால் இந்த ஏரியின் கரை தப்பும். இன்னொன்று, கடலுக்கே வெட்டி விடுவது. அதற்கு நேரம் பிடிக்கும். லாசிக்ஸ் ஊசி இந்த இரண்டையும் செய்கிறதாம். முதலில் உடம்பின் சிரைகளை, அதாவது இதயத்துக்கு ரத்தம் திரும்பி வரும் குழாய்களை, சற்றுத் தளர்த்துகிறது. தளர்ந்த குழாயில் ரத்தம் கூடுதலாகத் தங்கும். இதயத்துக்கு வந்து மோதும் ரத்தம் குறையும், நுரையீரலில் அழுத்தம் இறங்கும். சிறுநீர் பெருகுவதற்கு முன்பே இது நடக்கலாம்.

இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். 1973-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மருத்துவக் குழு, மாரடைப்புக்குப் பிறகு நெஞ்சில் நீர் கோத்தவர்களுக்கு இந்த ஊசியைப் போட்டு அளந்தது. ஐந்திலிருந்து பதினைந்து நிமிஷத்துக்குள் இதயத்தின் இடப்பக்க அழுத்தம் சுமார் 20-லிருந்து 15-க்கு இறங்கிவிட்டது. சிறுநீர் உச்சத்துக்கு வந்தது அதற்கும் பிறகுதான். அந்தக் கட்டுரையின் முதல் பெயர் தீட்சித். கனு சட்டர்ஜி, பிரகாஷ் என்று இன்னும் இரண்டு நம்மூர்ப் பெயர்கள் அதில் இருக்கின்றன. பெங்களூரில் இருக்கும் என் மகன் தேடி எடுத்து அனுப்பினான், அந்தப் பெயர்களைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஒரு சந்தோஷம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார்: "எல்லாருக்கும் ஊசி இப்படி முதல்லயே வேலை செய்யும்னு சொல்ல முடியாது அங்கிள். நாள்பட்ட நோயாளிகள் சிலருக்கு ஆரம்பத்துல குழாய் இறுகவும் செய்யும். அதனாலதான் நைட்ரோகிளிசரினும் மாஸ்க்கும் சேர்த்துப் போடறோம். ஆன்ட்டி பேசினதுக்கு மூணுக்கும் பங்கு இருக்கு." தன் ஊசிக்கு மட்டும் பெருமை சேர்த்துக்கொள்ளாத அந்தப் பதில் எனக்குப் பிடித்தது.

இரண்டாவது வேலை சிறுநீரகத்தில். நம் இரண்டு சிறுநீரகமும் ஒரு நாளைக்கு சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. வெளியே போவது ஒன்றரை லிட்டர்தான். மீதியெல்லாம் திரும்ப உறிஞ்சப்படுகிறது. வடிகட்டிய நீர் போகும் நுண்குழாய் ஒரு இடத்தில் கீழே இறங்கி, கொண்டை ஊசி மாதிரி வளைந்து, மேலே ஏறுகிறது. 1862-ல் இதைக் கண்டு எழுதிய ஜெர்மானியர் யாக்கோப் ஹென்லே பெயரில் அது ஹென்லே வளையம். ஏறும் பாகத்தில் உப்பை உறிஞ்சும் சின்னச் சின்ன பம்புகள் இருக்கின்றன. வடிகட்டப்பட்ட உப்பில் கிட்டத்தட்ட கால் பங்கு அங்கேதான் உடம்புக்குத் திரும்புகிறது. லாசிக்ஸ் போய் அந்த பம்புகளை அடைத்துவிடுகிறது. உப்பு குழாயிலேயே தங்குகிறது, உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் நிற்கும். இரண்டும் சேர்ந்து வெளியே போகின்றன. இந்த வளையத்தில் வேலை செய்வதால் இந்த வகை மருந்துகளுக்கு லூப் டையூரெடிக் என்று பெயர். டோர்செமைடு என்ற இன்னொரு மருந்தும் இதே குடும்பம்.

ஆக, மருந்து நேராகத் தண்ணீரை வெளியேற்றுவதில்லை, உப்பை வெளியேற்றுகிறது. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் உப்பளங்களைப் பார்த்தே வளர்ந்தவன் நான். உப்புப் பானையை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் நீர் கோக்கும் என்று என் அம்மாவுக்கே தெரியும். இலையில் விழுந்த அப்பளமும் ஊறுகாயும் மூன்று நாளில் அவள் உடம்பில் எத்தனை லிட்டரைப் பிடித்து வைத்தன என்பது மறுநாள் அந்தப் பையில் தெரிந்தது.

அம்மா என்று எழுதியதும் கை நிற்கிறது. அம்மா இறந்தது 1962-ல், எனக்கு ஒன்பது வயது. கடைசி ஒரு மாதம் அவள் படுக்கவே இல்லை. சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். கால் இரண்டும் உரல் மாதிரி வீங்கியிருந்தது. இழுப்பு என்றார்கள், நீர்க்கோவை என்றார்கள். நெருஞ்சில் கஷாயம், வாழைத்தண்டுச் சாறு. அப்போது நாவலூர் முழுக்க வயல். அவசரம் என்றால் மாட்டுவண்டி கட்ட வேண்டும். ஏதோ காச நோய் போல என்றுதான் அறுபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி மூலையில் நின்றபோது, என் மனைவி கையூன்றி உட்கார்ந்திருந்த அதே கோலம் கண்ணில் வந்தது. அம்மாவுக்கும் இதுதானா? நிச்சயமாகச் சொல்ல இப்போது வழியில்லை.

அந்தக் காலத்தில் பெரிய ஊர்களில் பாதரச ஊசி இருந்தது. அதுவும் தற்செயலாகக் கண்டது. 1919-ல் வியன்னாவில் ஆல்ஃபிரட் ஃபோகல் என்ற மருத்துவ மாணவர், பால்வினை நோய்க்குப் பாதரச மருந்து போட்ட ஒரு பெண்ணின் சிறுநீர் அளவு நர்ஸ் எழுதிய அட்டையில் திடீரென்று ஏறியிருப்பதைக் கவனித்தார். அங்கிருந்து பல வருஷம் அதுதான் முக்கிய மருந்து, விஷம் என்று தெரிந்தும். அதற்கும் முன்னால் வீங்கின காலில் ஊசிக் குழாய் செருகி நீரைச் சொட்டவிட்டார்கள். ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் கம்பெனிக்காரர்கள் ஃப்யூரோசமைடு கண்டுபிடித்து, 1960-களின் நடுவில்தான் அது லாசிக்ஸ் என்று கடைக்கு வந்தது. ஆறு மணி நேரம் வேலை செய்யும் என்பதை ஆங்கிலத்தில் சுருக்கி வைத்த பெயர் என்பார்கள். அம்மாவுக்கு அது ஒரு சில வருஷம் தாமதம்.

நான்கு மணி சுமாருக்கு அந்த டாக்டர் மறுபடி வந்தார். பையைப் பார்த்தார், முகம் சுளித்தார். "முதல் ஆறு மணி நேரத்துல மணிக்கு 100, 150 மில்லியாவது வரணும். டோஸ் கூட்டலாமான்னு பாக்கறேன். எனக்கு ஒண்ணு புரியல அங்கிள். மாத்திரை ஒழுங்கா போட்டும் இப்படி வந்திருக்குன்னா வேற காரணம் இருக்கணும். ஸ்டென்ட் அடைச்சிருக்கான்னு பாக்கணும், ஆஞ்சியோ வரைக்கும் போக வேண்டி வரலாம்" என்றார்.

என் மனைவி மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள். "நான்தான் டாக்டர் மறந்துட்டேன். மூணு நாளா போடல. இவருக்குத் தெரியாது."

நாற்பத்து நாலு வருஷக் குடித்தனம். அவள் எனக்காகச் சொன்ன பொய்கள் எத்தனையோ இருக்கும். இதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. "மறக்கல டாக்டர். நான்தான் போட வேண்டாம்னு சொன்னேன். கல்யாணத்துக்குப் போனோம், வழியில பாத்ரூம் இல்லைன்னு. முதல்ல நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேனாவை எடுத்துத் தாளில் எழுதினார். "நல்லவேளை சொன்னீங்க" என்றார், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையும் ஈ.சி.ஜி.யும் எப்படியும் எடுத்தார்கள். புதிய மாரடைப்பு இல்லை என்று காலையில் தெரிந்தது. ஆஞ்சியோ தேவைப்படவில்லை. இன்னொரு டோஸ் ஊசி போட்டார்கள். விடியும்போது பையில் 1400 மில்லி. ஐந்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தபோது நாலரைக் கிலோ எடை குறைந்திருந்தாள். அத்தனையும் தண்ணீர்.

மாத்திரையை இன்னும் இரண்டு சேர்த்துப் போட்டிருந்தால் ஊசி இல்லாமலே சரியாகியிருக்குமா என்று அவரிடம் கேட்டேன். உங்களுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் சொல்கிறேன். வாயால் சாப்பிடும் லாசிக்ஸில் சராசரியாகப் பாதிதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும், அதுவும் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். உடம்பில் நீர் கோத்தவருக்குக் குடலும் வீங்கியிருக்கும், உறிஞ்சுவது இன்னும் மெதுவாகும். மூச்சு முட்டும் நேரத்தில் மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்கக்கூடாது, வண்டியைக் கூப்பிட வேண்டும். இஷ்டத்துக்குக் கூட்டிப் போட்டுக்கொள்வதும் ஆபத்து. உப்போடு பொட்டாசியமும் போய்விடும், இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அதற்காக இளநீரும் வாழைப்பழமுமாக நாமே சரிக்கட்டவும் கூடாது. கூடவே சாப்பிடும் வேறு சில மாத்திரைகள் பொட்டாசியத்தைப் பிடித்து வைப்பவை. எல்லாம் ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

இன்னொன்றையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். இந்த மருந்து வெள்ளத்தை வடிக்கிறது, பம்ப்பைப் பழுது பார்ப்பதில்லை. ஆயுளைக் கூட்டுவது டப்பாவில் உள்ள மற்ற மாத்திரைகள். திருவனந்தபுரத்தில் 2013-ல் இதயச் செயலிழப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1205 பேரைக் கணக்கெடுத்துப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். சராசரி வயது 61-தான், வெளிநாடுகளைவிடப் பத்து வயதுக்குக் குறையாமல் இளையவர்கள். ஒரு வருஷத்துக்குள் பத்தில் மூன்று பேர் உயிரோடு இல்லை. அதைப் படித்த அன்று நான் அவளிடம் காட்டவில்லை. பிறகு காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, "ஏழு பேர் இருக்காங்கல்ல" என்றாள்.

டிஸ்சார்ஜ் அன்று நான் கேட்க நினைத்ததை அவளே கேட்டாள்: "வெளியூர் போனா என்ன டாக்டர் பண்றது? போகவே கூடாதா?" அந்தப் பெண் டாக்டர் சிரித்துவிட்டார். "தாராளமா போங்க ஆன்ட்டி. காலையிலேயே போடணும்னு சட்டம் இல்ல. அன்னிக்கு மட்டும் போய்ச் சேர்ந்த பிறகு மத்தியானம் போட்டுக்கங்க. ராத்திரி தூக்கம் கெடக்கூடாதுன்னுதான் காலையில எழுதறோம். நேரத்தை மாத்தலாம், விடத்தான் கூடாது."

இவ்வளவுதான் விஷயம். புறப்படும் முன்பு ஒரு போன் செய்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் பாத்ரூம் விஷயத்தை டாக்டரிடம் கேட்க நமக்குக் கூச்சம். எத்தனை பெண்கள் இந்தக் கூச்சத்தினால் மாத்திரையை விடுகிறார்களோ, தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்களோ. எங்கள் வீட்டில் நாலு சுவருக்குள் பேச வேண்டியதையே பேசாமல் "விட்டுடு" என்று ஒரு வார்த்தையில் முடித்தவன் நான்.

அதன் பிறகு ஒரு எடை மெஷின் வாங்கினேன். தினமும் எழுந்து பாத்ரூம் போய்வந்ததும், சாப்பிடும் முன், எடை பார்த்து நோட்டில் எழுதுகிறேன். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். மூச்சு முட்டுவதற்கு முன்பே டாக்டருக்குப் போன். இந்த இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை அப்படிப் பிடித்துவிட்டோம், ஆஸ்பத்திரிக்குப் போகாமலே மாத்திரை அளவை மாற்றிச் சரியாயிற்று.

போன ஆவணியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டாரைக் கூடப் பார்க்காமல் அவள் நேரே போய் பாத்ரூம் எங்கே, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு மணிக்குக் கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். டீக்கடை நண்பரிடம் மறுநாளே இதையெல்லாம் சொன்னேன். அவரும் டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொண்டாராம்.

இன்று காலை அவள் எடை 57.8. நேற்று 57.4. "அப்பளம் சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"பாதிதாங்க" என்றாள்.